நான்கு விடைகளில் ஒன்றைத் தொடுவது தொழிலறிவு ஆகுமா?

கேள்வி: செங்கோட்டையை அடுத்த புளியரையில் பதின்மூன்று ஆண்டுகளாகத் தொலைக்காட்சி, ஆம்ப்ளிஃபயர், இன்வெர்ட்டர் பழுது பார்க்கும் கடை நடத்துகிறேன், ஐடிஐ முடித்தவன். ஹாம் ரேடியோ (அமெச்சூர் ரேடியோ எனப்படும், பொழுதுபோக்காக வானலையில் பேசும் சேவை) உரிமம் வாங்கும் ஆசையில் தேர்வுக்குப் படித்து வருகிறேன். புனலூரில் இருக்கும் என் அத்தை மகன் சால்டரிங் அயர்னைக் கையால் தொட்டதே இல்லை. கேள்வி வங்கியை இரண்டே வாரத்தில் உருப்போட்டுத் தேர்ச்சி பெற்று, வானலையில் தன்னை அடையாளம் சொல்வதற்கான, வியூ 3 என்று தொடங்கும் முறையான அழைப்புக்குறியும் வாங்கிவிட்டார். தென்காசியில் இருக்கும் ஹாம் நண்பரோடு பேசலாம் என்று கையடக்க செட் ஒன்றும் வாங்கினார். இதுவரை ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. நானோ மாதிரித் தேர்வுகளில் அவரைவிடக் குறைந்த மதிப்பெண்தான் எடுக்கிறேன், அதிலும் விதிகள் பகுதியில் மிக மோசம். கேள்விகள் ஆங்கிலத்தில் இருப்பதும் தடுமாற்றமாக இருக்கிறது. இந்தக் கொள்குறி வினாத் தேர்வு உண்மையிலேயே தொழில்நுட்ப அறிவை அளக்கிறதா? அளக்காது என்றால் அதற்கு நான் ஏன் மெனக்கெட வேண்டும்?

– வாசகர், புளியரை

அன்புள்ள நண்பருக்கு, வணக்கம்.

பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் கற்பித்தவன் என்ற முறையிலும், ஹாம் என்ற முறையிலும் உங்கள் கேள்விக்கு நேராகவே விடை சொல்லிவிடுகிறேன். இந்தத் தேர்வு தொழில்நுட்ப அறிவில் ஒரு சிறு பகுதியை மட்டுமே அளக்கிறது. உங்கள் கையில் இருக்கும் திறமையை அது பார்ப்பதே இல்லை. ஆனால் உங்களிடம் இல்லாத ஒன்றை அது சரியாகவே கண்டுபிடித்திருக்கிறது என்பதும் உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் எதற்கு மெனக்கெட வேண்டும் என்பது விளங்கும்.

முதலில் உங்கள் அத்தை மகனின் கதையை எடுத்துக்கொள்வோம். இரண்டு மீட்டர் பேண்ட் எனப்படும் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகள் பெரும்பாலும் எவ்வாறு செல்கின்றன என்று தேர்வில் கேட்டால், 'நேர்கோட்டுப் பார்வையில்' என்ற விடையை அவர் கண நேரத்தில் தொட்டிருப்பார். அதற்கான மதிப்பெண்ணும் கிடைத்திருக்கும். அதே மனிதர்தான் புனலூரில் வீட்டு முற்றத்தில் நின்றுகொண்டு, ஐந்து வாட் செட்டைக் கையில் பிடித்து, நடுவே மேற்குத் தொடர்ச்சி மலை முழுவதும் நிற்கும்போது தென்காசியைக் கூப்பிடுகிறார். தென்காசிக்கும் புனலூருக்கும் நேர்க்கோட்டில் அளந்தால் ஐம்பது கிலோமீட்டர்கூட வராது என்பதால் அவருக்கு அது எளிதான தூரமாகத் தோன்றியிருக்கும். ரயில் ஆரியங்காவுக் கணவாய் வழியே வளைந்தும் குகையில் நுழைந்தும் வந்து சேர்ந்துவிடுகிறது. அந்த அலைக்கு அப்படி வளையும் வசதி மிகக் குறைவு. அவருக்கு அந்த வாக்கியம் தெரியும், அந்த வாக்கியம் தன் ஊரில் என்ன பொருள்படும் என்பது தெரியாது. தேர்வு கேட்டது வாக்கியத்தை மட்டும்தான்.

சரியான விடையைக் கண்ணால் பார்த்து 'இதுதான்' என்று அடையாளம் காண்பதும், எந்த விடையும் எதிரில் இல்லாதபோது அதைத் தானே உருவாக்குவதும் வெவ்வேறு ஆற்றல்கள். பழுது பார்க்க வந்த பெட்டியின் மேல் நான்கு காரணங்களை எழுதி, ஒன்றைத் தேர்ந்தெடு என்று எந்த வாடிக்கையாளரும் ஒட்டிவிட்டுப் போவதில்லை. பதின்மூன்று ஆண்டுகளாக நீங்கள் செய்துவருவது இரண்டாவது வகைச் சிந்தனை. அதனால்தான் மாதிரித் தாளைப் பார்த்ததும் உங்களுக்கு அது அந்நியமாகத் தெரிகிறது.

குருட்டாம்போக்கில் தொட்டுத் தேர்ச்சி பெற்றுவிடலாம் என்று பலர் சொல்வது மட்டும் கணக்கில் நிற்காது. அமெரிக்காவின் தொடக்கநிலை ஹாம் தேர்வில் 35 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள், தேர்ச்சிக்கு 26 சரியாக இருக்க வேண்டும். எதையும் படிக்காமல் தொட்டால் எட்டோ ஒன்பதோ சரியாக அமையும்; 26-ஐ எட்டும் வாய்ப்பு பத்துக் கோடியில் ஒன்றுக்கும் குறைவு. சிக்கல் அரைகுறை அறிவில்தான் தொடங்குகிறது. நம் நாட்டில் 1978-ஆம் ஆண்டின் அமெச்சூர் சேவை விதிகளின்படி, தொடக்கநிலைச் சான்றிதழுக்கு ஒவ்வொரு பகுதியிலும் 40 விழுக்காடும் மொத்தத்தில் 50 விழுக்காடும் பெற்றால் போதும். தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்காத 60 கேள்வித் தாள் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒருவருக்கு 20 கேள்விகளுக்கு மட்டும் விடை உறுதியாகத் தெரியும். மீதி 40-ஐத் தோன்றியபடி தொடுகிறார். அதில் சராசரியாக 10 சரியாகிவிடும். மொத்தம் 30, அதாவது சரியாகப் பாதி. மூன்றில் ஒரு பங்கு தெரிந்தவர் பாதி தெரிந்தவராகத் தாளில் தோற்றமளிக்கிறார். இன்னும் ஒரு படி கீழே போனால், எந்த விடையும் உறுதியாகத் தெரியாமல், ஒவ்வொரு கேள்வியிலும் பொருந்தாத இரண்டை மட்டும் விலக்கத் தெரிந்தவரும் சராசரியாக அதே 30-ஐத் தொடுவார். 'எப்போதும்', 'ஒருபோதும்' என்று தொடங்கும் விடைகள் பெரும்பாலும் தவறு, மற்றவற்றைவிட நீளமாகவும் கவனமாகவும் எழுதப்பட்ட விடை பெரும்பாலும் சரி என்பதெல்லாம் பயிற்சி மையங்களில் வெளிப்படையாகவே சொல்லித் தரப்படுகின்றன. இவை ரேடியோவைப் பற்றிய அறிவு அல்ல, கேள்வி எழுதுபவரின் பழக்கத்தைப் பற்றிய அறிவு.

பிறகு ஏன் உலகமெங்கும் இந்த முறையைக் கைவிடாமல் வைத்திருக்கிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். 1910-களின் நடுவில் அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் ஃபிரெடரிக் கெல்லி என்ற கல்வியாளர் பள்ளிப் பிள்ளைகளின் வாசிப்புத் திறனை அளக்க இத்தகைய தேர்வை அமைத்தபோது, திருத்துபவரின் மனப்போக்குக்கு ஏற்ப மதிப்பெண் மாறக் கூடாது, விரைவாகத் திருத்த வேண்டும் என்பவையே முதன்மையான நோக்கங்கள். அந்த நியாயத்தை நான் மதிக்கிறேன். முகம் பார்த்து, ஊர் பார்த்து, சிபாரிசு பார்த்து மதிப்பெண் போடும் வாய்மொழித் தேர்வைவிட, யார் திருத்தினாலும் ஒரே மதிப்பெண் வரும் தாள் நம்மைப் போன்றவர்களுக்குப் பெரிய பாதுகாப்பு. அமெரிக்காவில் 1980-களில் தேர்வு நடத்தும் பொறுப்பு அரசு அலுவலர்களிடமிருந்து தன்னார்வ ஹாம்களின் கைக்கு மாறியது. இன்று கேள்விகளும் விடைகளும் அடங்கிய தொகுப்பு முழுவதும் எல்லோரும் பார்க்கும்படி வெளியிடப்படுகிறது. தொடக்கநிலைக்கு நானூற்றுக்கும் மேற்பட்ட கேள்விகள், உச்சநிலைக்கு அறுநூற்றுக்கும் மேற்பட்டவை. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கிறார்கள். அத்தனையையும் மனப்பாடம் செய்பவர் வழியில் எதையாவது கற்றுக்கொள்ளத்தானே செய்வார் என்பது அவர்கள் வாதம். பாதி உண்மை. மனப்பாடம் செய்தவர் கற்பது சொற்களை; அந்தச் சொற்கள் பின்னால் உதவும், ஆனால் உதவும் நாள் வரும்வரை அவை நினைவில் தங்குவதில்லை.

கொள்குறி வினா என்பதாலேயே அது மேலோட்டமானது என்று நான் சொல்லமாட்டேன். குறை பெரும்பாலும் கேள்வியை எழுதும் சோம்பலில் இருக்கிறது. டைபோல் என்பது நடுவில் கேபிள் இணைத்த இரு கைக் கம்பி ஆன்டெனா. 'அரை அலை டைபோல் நீளத்துக்கான சூத்திரம் எது' என்று கேட்டால் உருப்போட்டவர் வெல்வார். அதையே இப்படிக் கேட்டுப் பாருங்கள்: 'ஒருவர் கட்டிய டைபோல் 6.9 மெகாஹெர்ட்ஸில் ஒத்திசைகிறது, அது 7.1 மெகாஹெர்ட்ஸில் ஒத்திசைய வேண்டும். ஒவ்வொரு கையிலும் என்ன செய்ய வேண்டும்?' விடைகள்: சுமார் 30 சென்டிமீட்டர் நீட்ட வேண்டும், சுமார் 30 சென்டிமீட்டர் வெட்ட வேண்டும், சுமார் 3 மீட்டர் வெட்ட வேண்டும், கம்பியை மாற்றாமல் கேபிளை நீட்ட வேண்டும். அதிர்வெண் கூடினால் நீளம் குறையும் என்ற உறவும், 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மீட்டரில் நீளம் கிடைக்கும் என்ற நடைமுறைக் கணக்கும், கம்பி 20.7 மீட்டரிலிருந்து 20.1 மீட்டருக்கு இறங்க வேண்டும் என்ற கழித்தலும் தெரியாமல் இதற்கு விடை சொல்ல முடியாது. அந்தத் தவறான விடைகள் ஒவ்வொன்றும் உண்மையான மனிதர்கள் உண்மையாகவே செய்யும் தவறு என்பதைக் கவனியுங்கள். அப்படிப்பட்ட தவறுகளைத் தேடி எடுத்து விடைகளாக வைப்பதற்கு நல்ல அனுபவமும் நேரமும் வேண்டும். நம் கேள்வி வங்கிகளில் அந்த உழைப்பைப் போதுமான அளவு நான் காணவில்லை.

இருந்தாலும், எவ்வளவு நன்றாக எழுதினாலும் தாளுக்குள் அடங்காத அறிவு உண்டு. இதை நீங்கள் நொடியில் புரிந்துகொள்வீர்கள் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். அனுப்பிய திறனில் எவ்வளவு ஆன்டெனாவிலிருந்து திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் எஸ்டபிள்யூஆர் மீட்டரில் குறைந்த அளவு காட்டினால் என்ன பொருள் என்று தேர்வு கேட்கும். ஆன்டெனாவும் கேபிளும் நன்றாகப் பொருந்துகின்றன என்பது சரியான விடை. இப்போது மொட்டை மாடியிலிருந்து கீழ்த்தளம் வரை 30 மீட்டர் மெல்லிய ஆர்ஜி 58 கேபிளை இழுத்து, இரண்டு மீட்டர் பேண்டில் செட்டை இயக்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த நீளத்தில் அந்தக் கேபிள் ஏறக்குறைய 6 டெசிபலை விழுங்கிவிடும். அனுப்பிய திறனில் நான்கில் ஒரு பங்குதான் மேலே போய்ச் சேரும். மேலே ஆன்டெனா அறுந்து விழுந்து, போனதெல்லாம் அப்படியே திரும்பினாலும், வரும் வழியில் மறுபடி நான்கில் ஒரு பங்காகச் சுருங்கி, பதினாறில் ஒரு பங்குதான் மீட்டரை வந்தடையும். மீட்டர் 1.7 என்று காட்டும் (1 என்றால் முழுப் பொருத்தம்). ஆன்டெனாவே இல்லாத நிலையத்தை மீட்டர் ஏறக்குறைய நல்ல நிலையம் என்று சொல்கிறது. தேர்வில் சரியான விடையைத் தொட்டவர் அதை நம்பிக்கொண்டு, 'யாரும் பதில் தரவில்லையே' என்று மாதக்கணக்கில் காத்திருப்பார். கேபிள் சூடாகிறதா, மீட்டரை மேலே கொண்டுபோய் வைத்துப் பார்த்தால் என்ன காட்டுகிறது, புதுக் கேபிள் மாட்டியதும் அளவு ஏன் மோசமாகத் தெரிகிறது என்றெல்லாம் சந்தேகப்படத் தெரிவதுதான் தொழிலறிவு. குற்றாலத்தில் சாரல் தொடங்கிய பிறகு உங்கள் பகுதியில் மாட்டப்படும் கனெக்டர் ஒவ்வொன்றிலும் நீர் இறங்கும். ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி அடைக்காத இணைப்பு ஒரே பருவத்தில் பச்சை பிடித்துப் போகும். பொருந்தாத சால்டர் மணி பார்வைக்கு மினுங்கினாலும் தொட்டால் ஆடும். இவற்றுக்குத் தாளில் நான்கு விடை எழுத முடியாது.

ஓட்டுநர் உரிமத்தில் இந்த வேறுபாட்டை அரசே ஒப்புக்கொண்டிருக்கிறது. எல்எல்ஆர் வாங்கப் போக்குவரத்துக் குறிகளைப் பற்றிய கேள்விகளுக்கு விடை தொட்டால் போதும். ஆனால் அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு யாரும் தன்னை ஓட்டுநர் என்று சொல்லிக்கொள்வதில்லை. எட்டுப் போட்டுக் காட்டிய பிறகே உரிமம் வருகிறது. ஹாம் தேர்வில் அந்த இரண்டாம் படி தொடக்கநிலையில் இல்லை. அதற்கு மேலான பொதுநிலைச் சான்றிதழுக்குக் கேட்கப்பட்டு வந்த மோர்ஸ் (புள்ளி, கோடு ஒலிக்குறி) தேர்வு ஒன்றுதான் உருப்போட்டு வெல்ல முடியாததாக இருந்தது, ஏனென்றால் காதில் விழுவதை அந்த நொடியிலேயே எழுத வேண்டும். 2003-ஆம் ஆண்டு உலக ரேடியோ மாநாட்டில் மோர்ஸ் கட்டாயத்தை அந்தந்த நாட்டின் விருப்பத்துக்கு விட்டார்கள். அமெரிக்கா 2007 பிப்ரவரியில் முழுமையாக நீக்கியது. பல நாடுகளில் மோர்ஸ் போனதற்காக நான் வருந்தவில்லை, அது ஒரு கைத்திறனை அளந்ததே தவிர ரேடியோ அறிவை அளக்கவில்லை. என் வருத்தம், அது போன இடத்தில் வேறு எந்தச் செய்முறையையும் வைக்கவில்லையே என்பதுதான். ஒரு கனெக்டரைப் பொருத்திக் காட்டு, மல்டிமீட்டரால் கேபிளைச் சோதித்துச் சொல், செட்டை இயக்கி அழைப்புக்குறியோடு ஒழுங்காக ஒரு உரையாடல் நடத்து என்று அரை மணி நேரம் கேட்டால் போதும். தேர்வு நடத்துபவர்களுக்கு அது சுமைதான், அதை மறுக்கவில்லை. ஆனால் மாடியில் அலுமினியக் குழாயை நிமிர்த்தும்போது பக்கத்தில் 11 கிலோவோல்ட் மின்கம்பி போகிறதா என்று தலையை உயர்த்திப் பார்க்கும் பழக்கம் ஒருவருக்கு இருக்கிறதா இல்லையா என்பதை எந்தத் தாளும் சொல்லாது. நேரில் ஒருமுறை பார்த்தால் தெரிந்துவிடும்.

இனி உங்கள் மதிப்பெண்ணைப் பற்றி. விதிகள் பகுதியில் மிக மோசம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பகுதியைத் தொழில்நுட்பத்துக்குச் சம்பந்தமில்லாத சட்ட மனப்பாடம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். உங்கள் அனுபவம் முழுவதும் அலைகளை அனுப்பாத கருவிகளில் வந்தது. தொலைக்காட்சியைத் தவறாகச் சீரமைத்தால் அந்த வீட்டுக்காரர் மட்டும் பாதிக்கப்படுவார். அனுப்பும் கருவியைத் தவறாக இயக்கினால் முகம் தெரியாதவர்கள் பாதிக்கப்படுவார்கள். 7 மெகாஹெர்ட்ஸில் அனுப்பும் நிலையம் வடிகட்டி சரியில்லாமல் இருந்தால் 14, 21, 28 என்று மடங்குகளிலும் கசியும். இரண்டு மீட்டர் பேண்டுக்குச் சற்றுக் கீழே, 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை, விமானிகள் கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு பேசும் இடம் இருக்கிறது. கண்ட இடத்தில் வாங்கிய மலிவான செட் எங்கெல்லாம் கசிகிறது என்று தெரியாமல் பேசும் பொத்தானை அழுத்துபவர் அங்கே போய் விழலாம். எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு திறன், எத்தனை நேரத்துக்கு ஒருமுறை அழைப்புக்குறி சொல்ல வேண்டும், அவசர அழைப்பு காதில் விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்ற கேள்விகள் அனைத்தும் மற்றவர்களைப் பாதுகாப்பதற்கு உரியவை. உரிமம் என்பதன் முதல் நோக்கமே அதுதான். பதின்மூன்று ஆண்டு அனுபவம் இதைக் கற்றுத் தந்திருக்க வழியில்லை என்பதால், இந்த இடத்தில் தேர்வு உங்களைச் சரியாகவே அளந்திருக்கிறது.

ஆங்கிலத்தைப் பற்றி நீங்கள் சொன்னது நியாயமான குறை. மின்தேக்கியின் வேலையை நன்றாக அறிந்த ஒருவர், 'கீழ்க்கண்டவற்றுள் எது பொருந்தாதது' என்ற ஆங்கில வாக்கியத்தின் எதிர்மறையைக் கவனிக்காமல் தவறவிட்டால், அந்தத் தாள் அளந்தது மின்னணு அறிவை அல்ல. மைய அரசின் சான்றிதழ் இது. செங்கோட்டையிலும் புனலூரிலும் ஒன்றாகவே செல்லும். மின்பணியாளர் உரிமத்தைப் போலத் தமிழ்நாட்டுக்கு ஒரு வாரியம், கேரளத்துக்கு ஒரு வாரியம் என்று பிரிந்து கிடக்கவில்லை. அவ்வளவு பரந்த சான்றிதழுக்கான கேள்விகள் தமிழிலும் மலையாளத்திலும் தெலுங்கிலும் வர வேண்டும் என்று கேட்பது சலுகை அல்ல, அளவுகோலைச் சரியாக்கச் சொல்வது. அதுவரை, எதிர்மறைச் சொற்களை மட்டும் தனியாகக் குறித்துவைத்து, கேள்வியைப் படித்ததும் முதலில் அவற்றைத் தேடும் பழக்கத்தை வளர்த்துக்கொள்ளுங்கள்.

படிக்கும் முறையில் ஒரே ஒரு மாற்றத்தைப் பரிந்துரைக்கிறேன். கேள்வி வங்கியைத் திறந்ததும் விடைகளைக் காகிதத்தால் மறைத்துக்கொள்ளுங்கள். உங்கள் விடையைத் தமிழில், உங்கள் கடை மொழியில், ஒரு வரி எழுதுங்கள். பிறகு காகிதத்தை விலக்கி, அந்த நான்கில் உங்கள் விடை எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். மற்ற மூன்றும் ஏன் தவறு என்பதையும் ஒவ்வொரு வரியில் எழுத முடிந்தால்தான் அந்தக் கேள்வியை முடித்ததாகக் கணக்கு வையுங்கள். வேகம் குறையும், நாளைக்குப் பத்துக் கேள்விக்கு மேல் போகாது. ஆனால் இப்படிப் படித்தவருக்கு வினா வடிவம் மாறினாலும் கவலை இல்லை.

உங்கள் அத்தை மகனிடம் கோபம் வேண்டாம். அவர் சட்டப்படி பெற்றது சட்டப்படியான அனுமதி. அவருக்கு உங்கள் கை தேவைப்படுகிறது, உங்களுக்கு அவர் படித்த விதிகள் தேவைப்படுகின்றன. உங்களுக்கும் உரிமம் வந்த பிறகு, கையடக்க செட்டை ஓரமாக வைத்துவிட்டு, இருவர் வீட்டிலும் 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு 20 மீட்டர் டைபோல் ஒன்றைக் கட்டுங்கள். உயரம் ஆறு, ஏழு மீட்டர் போதும். தாழ்வாகக் கட்டிய டைபோல் திறனில் பெரும்பகுதியை நேராக மேலே அனுப்பும், வளிமண்டலத்தின் மேலே மின்னேற்றம் பெற்றிருக்கும் அயனி மண்டலம் அதை மலைக்கு அந்தப் பக்கம் இறக்கிவிடும். பூமியின் காந்த நடுக்கோட்டை ஒட்டிய பகுதியில் அந்த மண்டலத்தை ஆராயத்தான் திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவைத் தேர்ந்தெடுத்து 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட்டை ஏவினார்கள். நம் தென்காசி, திருநெல்வேலி வட்டாரமும் அதற்கு அருகில்தான். பகலில் இங்கே அயனி மண்டலம் பெரும்பாலும் 7 மெகாஹெர்ட்ஸைத் திருப்பி அனுப்பும் அளவுக்கு அடர்த்தியாக இருக்கும், நள்ளிரவுக்குப் பின் அந்த அடர்த்தி குறைந்து பக்கத்து ஊர் மறைந்து தொலைதூர ஊர்கள் மட்டும் கேட்கத் தொடங்கும். எனவே முதல் முயற்சியை முற்பகல் பத்து மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, சித்திரை மாதங்களில் மலையோரம் இடி இறங்கும் மாலைகளில் கேபிளைச் செட்டிலிருந்து கழற்றி வீட்டுக்கு வெளியே போட்டுவிடுங்கள். கம்பி கட்டும் நாளில் அவரை புளியரைக்கு வரச் சொல்லி, ஒரு கனெக்டரையாவது அவர் கையாலேயே சால்டர் செய்ய வையுங்கள்.